கைக்குள் அடங்கும் மூன்று ஸ்கேன்கள்: ஏரிக்கரைப் புழுநோய்க் கல்லீரலைப் பார்க்க எது தேறும்?

உகாண்டாவில் ஆல்பர்ட் ஏரியை ஒட்டிய மீனவ ஊர்களில் கல்லீரல் ஸ்கேன் முகாம் என்றால், முன்பெல்லாம் ஜெனரேட்டர், ஸ்டெபிலைசர், பெட்டி ஸ்கேன் என்று ஒரு வண்டிச் சுமை. இப்போது ப்ரோப்பை (உடம்பில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் தலை) சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனால் போதும் என்கிறார்கள் விற்பவர்கள். போகலாம்தான். ஆனால் அங்கே பார்க்கப்போவது பித்தப்பைக் கல்லையோ கருவில் இருக்கும் குழந்தையையோ அல்ல. ஷிஸ்டோசோமா மன்சோனி என்ற புழுவின் முட்டைகள் பல ஆண்டுகளாகக் கல்லீரலில் ஏற்படுத்திய தழும்பு. அதைத் தரம் பிரிக்க ஒரு கருவிக்கு என்ன வேண்டும் என்பது தனிக் கணக்கு. பட்டர்ஃப்ளை ஐக்யூ, ஃபிலிப்ஸ் லூமிஃபை, ஜிஇ வீஸ்கேன் ஏர் ஆகிய மூன்றையும் அந்தக் கணக்கில்தான் இங்கே எடைபோடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முற்றிய நோயைப் பிடிக்க மூன்றுமே போதும். ஆரம்ப நோயை அளக்க, செட்டிங்கைப் பூட்டிவைக்காவிட்டால் மூன்றுமே தப்புக் கணக்குதான் தரும். எந்த பிராண்ட் என்பது இரண்டாவது கேள்வி.

நோயைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நத்தையிலிருந்து வெளிவரும் இளம்புழு, தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. வளர்ந்த ஜோடி குடலைச் சுற்றிய சிரைகளில் குடியேறி, தினமும் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. ஒரு பங்கு மலத்தோடு வெளியேறும். மீதியில் பெரும்பகுதி ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போய், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் நுனிக்கிளைகளில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய முட்டையைச் சுற்றி உடல் எழுப்பும் அழற்சியும், அது ஆறும்போது படியும் நார்த்திசுவும்தான் சேதம். வெட்டிய கல்லீரலில் வெள்ளைக் களிமண் புகைக்குழாய்களைச் செருகிவைத்தது போலிருக்கிறது என்று 1904-இல் சிம்மர்ஸ் விவரித்தது இதைத்தான்.

கல்லீரல் செல்களுக்குப் பெரிய அடி விழுவதில்லை என்பதுதான் இதில் சிக்கல். எஸ்ஜிபிடி, பிலிருபின், அல்புமின் போன்ற கல்லீரல் ரத்தச் சோதனைகள் எல்லாம் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். ஆளும் வலை இழுத்துக்கொண்டிருப்பார். போர்ட்டல் சிரையின் அழுத்தம் மட்டும் சத்தமில்லாமல் ஏறி, உணவுக்குழாயில் புடைத்த சிரை வெடித்து ரத்த வாந்தி எடுக்கும் அன்றுதான் விஷயம் வெளியே வரும். மலத்தில் முட்டை எண்ணும் கேட்டோ-கட்ஸ் சோதனை (41.7 மி.கி. மலத்தில் எண்ணி 24-ஆல் பெருக்குவது) இன்றைய தொற்றின் அளவைச் சொல்லும், பழைய தழும்பைச் சொல்லாது. முட்டையே வராதவரின் கல்லீரலில் கனத்த நார் இருக்கலாம். அதனால்தான் ஸ்கேன்.

ஸ்கேனில் பார்ப்பதை எல்லோரும் ஒரே மாதிரி எழுத ஒரு முறை இருக்கிறது. 1996 அக்டோபரில் நைஜர் நாட்டின் நியாமி நகரில் கூடிப் பேசியது. 2000-இல் உலக சுகாதார நிறுவனம் கையேடாக வெளியிட்டது. அதில் கல்லீரலின் தோற்றத்துக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்துகள். ஏ என்றால் இயல்பு. பி என்றால் கல்லீரல் முழுக்கப் பொடிப்பொடியாக வெண்புள்ளிகள், விண்மீன் வானம். சி என்றால் நுனிக்கிளைகளைச் சுற்றி வெள்ளைச் சுவர். குறுக்கே வெட்டினால் வளையம், நீளவாக்கில் குழாய். டி என்றால் போர்ட்டல் சிரையின் தண்டையும் கவையையும் (அது இரண்டாகப் பிரியும் இடம்) சுற்றித் தடித்த வெள்ளை உறை. இ என்றால் அங்கிருந்து கல்லீரலுக்குள் பரவும் வெண்திட்டுகள். எஃப் என்றால் அந்தத் திட்டுகள் பட்டைகளாகி, கல்லீரலின் மேற்பரப்பு வரை ஓடி விளிம்பை உள்ளே இழுப்பது. பறவை நகம் என்று பெயர். ஒரே கல்லீரலில் இரண்டு தோற்றம் கலந்திருந்தால் இரண்டு எழுத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

இப்போது கருவிக்கு வருவோம். இந்தத் தோற்றங்களையெல்லாம் வரையறுத்தது 1990-களின் ஸ்கேன் மெஷின்களை வைத்து. இன்றைய கைக்கருவிகள் திரைக்குப் படத்தை அனுப்புமுன் நிறைய வேலை செய்துவிடுகின்றன: பல கோணப் படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவது, ஹார்மோனிக் எதிரொலியைப் பயன்படுத்துவது, பொரிப்பொரியான இரைச்சலைத் தேய்த்து மெழுகுவது, ஆழத்துக்கேற்பக் கெயினை (எதிரொலியைப் பெருக்கிப் படத்தை வெளுப்பாக்கும் அளவு) தானே சரிசெய்வது. ஆரோக்கியமான கல்லீரலிலும் போர்ட்டல் கிளைகளின் சுவர் வெள்ளையாகத்தான் தெரியும். கருவி அந்த வெள்ளையைக் கூட்டிக் காட்டினால் ஏ பி ஆகிவிடும், பி சி ஆகிவிடும். கருவி மெழுகிவிட்டால் உண்மையான பி, ஏ ஆகிவிடும். டி, இ, எஃப் மூன்றுக்கும் இந்த ஆபத்து மிகக் குறைவு. அவை மோசமான படத்திலும் தெரியும்.

முகாமில் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பள்ளி வராந்தா. தகரக் கூரை. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறி, போன் திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேன் செய்பவர் இரண்டு காரியம் செய்வார்: திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றுவார், அதுவும் போதாமல் கெயினையும் ஏற்றுவார். அந்த நேரத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கெல்லாம் விண்மீன் வானம். எட்டு மணிக்கு வந்த பிள்ளைக்கு ஏ, பதினொரு மணிக்கு வந்த தம்பிக்கு பி. நோய் மாறவில்லை, வெயில்தான் மாறியது. இதற்கு மருந்து ஒரு கறுப்புத் துணிக் கூடாரம். இல்லையென்றால் ஜன்னலை அடைத்த உள்ளறை. போனில் திரை வெளிச்சம் தானாக மாறும் வசதியை அணைத்துவிட வேண்டும். கெயினுக்கு உடம்பிலேயே அளவுகோல் இருக்கிறது: பித்தப்பையின் உள்ளும் போர்ட்டல் சிரையின் உள்ளும் சுத்தக் கறுப்பாக இருக்க வேண்டும், கல்லீரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் ஹெப்பாட்டிக் சிரையின் சுவர் பளிச்சிடக் கூடாது. இரண்டும் சரியாக வரும் இடத்தில் கெயினை நிறுத்தி, அந்த எண்ணைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். வயிற்றுக்கென ஆப்பிலேயே இருக்கும் ப்ரீசெட் (முன்கூட்டியே அமைத்த செட்டிங்) ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முகாம் முடியும் வரை அதையே வைத்திருங்கள். ஆப் அப்டேட் கேட்டால் முகாம் நடுவே செய்யாதீர்கள். படத்தின் தன்மையே மாறிப்போகலாம்.

பட்டர்ஃப்ளை ஐக்யூ 2017-இல் அமெரிக்க அனுமதி பெற்று, 2,000 டாலருக்கு ஒரு டாலர் குறைவாக விலை சொல்லி வந்தது. படிகங்களுக்குப் பதில் சிலிக்கான் சிப்பில் ஆயிரக்கணக்கான நுண் அதிர்விகள். வளைந்த ப்ரோப்பின் வீச்சையும் நேர்ப் ப்ரோப்பின் வீச்சையும் ஒரே தலை உருவாக்கிக்கொள்கிறது. ஏரிக்கரை முகாமுக்கு அதன் பலம் விலையும், ஒன்றே எல்லாவற்றுக்கும் உதவுவதும். ஆழத்தில் படம் தரமான வளைந்த ப்ரோப்பை எட்டாது. ஆனால் மெலிந்த மீனவர்களுக்கு 12 முதல் 15 செ.மீ. ஆழமே போதும் என்பதால் அது பெரிய குறையில்லை. தொந்தரவு வேறு இடத்தில் இருக்கிறது. ஆண்டுச் சந்தா, இணையத்தில் கணக்குச் சரிபார்ப்பு, படங்கள் போய்ச் சேர்வது கிளவுடில். சிக்னல் இல்லாத கரையில் பல நாள் தங்கும் குழு, கிளம்புமுன் நகரத்திலேயே லாகின் செய்து, ஆப்பைப் புதுப்பித்து, விமானப் பயன்முறையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நோயாளிப் படங்கள் நாட்டுக்கு வெளியே சேமிக்கப்படுவதற்கு அந்த நாட்டின் ஒப்புதல் குழு சம்மதித்திருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

லூமிஃபையில் இந்த வேலைக்கு உரியது சி5-2 என்ற வளைந்த ப்ரோப், 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். வழக்கமான படிகம், வழக்கமான படம். ஆஸ்பத்திரி மெஷினில் பழகிய கண்ணுக்கு இது உடனே பிடிபடும், அதுவே பெரிய லாபம். ப்ரோப்புக்குள் பேட்டரி கிடையாது. யூஎஸ்பி கேபிள் வழியாக டேப்லெட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும். அதாவது டேப்லெட் உயிரோடு இருக்கும் வரை ஸ்கேன் ஓடும். டேப்லெட்டை மாற்றினால் மறுபடி ஓடும். கேபிளும் இணைப்பு முனையும்தான் பலவீனம். மேசையிலிருந்து தொங்கவிட்டால் முனை தளர்ந்துவிடும். ஒரு வெல்க்ரோ பட்டையால் டேப்லெட் உறையோடு கட்டிவிடுவது நல்லது. விலைதான் அதிகம்.

வீஸ்கேன் ஏர் 2021-இல் வந்தது. கேபிளே இல்லை, ஒரு முனையில் வளைந்த ப்ரோப், மறுமுனையில் நேர்ப் ப்ரோப், எடை 205 கிராம். தண்ணீர் தூசி பயமில்லாமல் கழுவலாம், கடல் மாதிரிக் கிடக்கும் ஏரிக்கரைக்கு அது பெரிய சௌகரியம். போனுடன் நேரடி வைஃபையில் பேசுவதால் ஸ்கேன் செய்ய இணையம் வேண்டாம். குறை, பேட்டரி. தொடர்ந்து ஸ்கேன் செய்தால் 50 நிமிடம் என்று கம்பெனியே சொல்கிறது. ஓர் ஆளுக்கு 6 நிமிடம் ப்ரோப் ஓடினால் ஒரு சார்ஜில் 8 பேர். ஒரு நாளில் 40 பேரைப் பார்க்க வேண்டிய முகாமுக்கு இரண்டு கருவியோ இடைவேளையோ தேவை. பட்டர்ஃப்ளை இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். வெப்பமான அறையில் எந்தக் கைக்கருவியும் சூடேறும். சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளப் படத்தை நிறுத்திவிடும். ஒவ்வோர் ஆளுக்கும் நடுவில் ஃப்ரீஸ் போட்டுவைக்கும் பழக்கம் பேட்டரி, சூடு இரண்டையும் காப்பாற்றும்.

ஸ்கேன் செய்யும் வரிசை எந்தக் கருவிக்கும் ஒன்றுதான். காலையில் வெறும் வயிற்றில். சாப்பிட்டால் போர்ட்டல் சிரை விரியும். பித்தப்பை சுருங்கி அதன் சுவர் தடித்தது போலக் காட்டும். பள்ளிப் பிள்ளைகளிடம் “சாப்பிட்டாயா” என்று கேட்டால் இல்லை என்பார்கள். கஞ்சி குடித்தாயா, டீ குடித்தாயா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மல்லாக்கப் படுத்து, காலை நீட்டி, சாதாரண மூச்சு. மூச்சை இழுத்துப் பிடித்தாலும் சிரையின் விட்டம் மாறும். முதலில் மார்பெலும்பின் கீழ் குறுக்குவெட்டு: இடது மடலின் தோற்றம். அதே இடத்தில் ப்ரோப்பைத் திருப்பி, மார்பெலும்பின் இடது ஓரமாக நீளவெட்டு: இடது மடலின் நீளம். பிறகு வலது விலாவின் கீழ் சாய்வாக: போர்ட்டல் சிரை, கவை, பித்தப்பை. கடைசியாக இடது விலா இடைவெளியில் மண்ணீரல், அதன் வாயில் தெரியும்படி நீளம். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டுப் புதிதாக வழி தேடிக்கொண்ட சிரைகளைத் தேடவும்: தொப்புளை நோக்கிப் போவது, இரைப்பையின் இடது ஓரம், மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே. வயிற்றில் நீர் இருக்கிறதா என்று ஒரு பார்வை. ஒவ்வொரு வெட்டிலும் நிலைப்படத்தோடு சில நொடி வீடியோவும் எடுத்துவையுங்கள். இரண்டாவது ஆள் பிறகு பார்த்துத் தரம் போட அது இல்லாமல் முடியாது.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் அந்த முதல் வெட்டுதான். இடது மடலின் நடுவே உருண்டையாக, பளிச்சென்று ஒரு வெண்திட்டு நிற்கும். அது லிகமென்டம் டெரஸ், எல்லோருக்கும் இருப்பது. அதற்கு இ போட்டுவிடுகிறார்கள். ப்ரோப்பைத் திருப்பி நீளவெட்டில் பார்த்தால் பட்டையாக நீளும், விஷயம் முடிந்தது. அடுத்தது, போர்ட்டல் கிளையோடு ஓடும் தமனியின் குறுக்குவெட்டை வளையம் என்று எண்ணி சி போடுவது. கலரை ஒரு நொடி போட்டால் தெளிந்துவிடும். சிரையைச் சுற்றிய உறை வெள்ளையாக இருந்தால் நார், கறுப்பாக இருந்தால் நீர்க்கோர்வை: இதயச் செயலிழப்பிலும் கடும் ஹெப்படைடிஸிலும் வருவது. கொழுப்புப் படிந்த கல்லீரலில் எல்லாமே வெள்ளை, சிரைச் சுவர்கள் அதற்குள் மறைந்துவிடும். அப்போது தரம் போடாமல் தனியாகக் குறித்துவிடுவதே நேர்மை. மண்ணீரல் பெரிதாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்லாதீர்கள். அந்தக் கரைகளில் மலேரியாவும் மண்ணீரலை வீங்கவைக்கும்.

அளவெடுப்பில்தான் மூன்று கருவிகளும் உண்மையில் வேறுபடுகின்றன. போர்ட்டல் சிரையை, கல்லீரலுக்குள் நுழையும் இடத்துக்கும் முதல் கவைக்கும் நடுவே, உள்சுவரிலிருந்து உள்சுவர் வரை அளக்க வேண்டும். பெரியவர்களுக்கு 13 மி.மீ. என்ற பொதுவான வரம்பை ஏழு வயதுப் பிள்ளைக்குப் போட முடியாது; உயரத்துக்கான சராசரியை எடுத்து, அதைவிட எத்தனை எஸ்டி (திட்ட விலக்கம்) கூடுதல் என்று பார்க்கச் சொல்கிறது நியாமி முறை. 3.5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.44 மி.மீ. கருவிக்கே அதைவிட நுட்பமாகப் பிரிக்க முடியாது. இதன் மேல், சின்ன போன் திரையில் ஈரமான விரலால் புள்ளி வைத்தால் 1 மி.மீ. தப்பு சர்வசாதாரணம். 12 மி.மீ. சிரையில் அது 8 சதவீதம். ஒருவரை இயல்பிலிருந்து நோய்க்கு நகர்த்தப் போதும். 2, 3 மி.மீ. தடிப்புள்ள கிளைச்சுவரை அளப்பதற்கு அது மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி அளவு வரை. ஆகவே 10 அங்குல டேப்லெட், பெரிதாக்கிய படம், முடிந்தால் ஸ்டைலஸ். போனில் எடுத்த அளவை நம்பி ஆய்வுக் கட்டுரை எழுதப்போகிறவர்கள் படத்தை எக்ஸ்போர்ட் செய்து, லேப்டாப்பில் மறுபடி அளக்கட்டும்.

சில்லறை விஷயங்கள். ஜெல் ஓர் ஆளுக்கு 10 முதல் 15 மில்லி. 250 மில்லி பாட்டில் இருபத்தைந்து பேருக்கு மேல் வராது, பெரிய கேனாக வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். துடைக்க, அந்த ப்ரோப்புக்குக் கம்பெனி அனுமதித்த துடைதாளை மட்டும். ஸ்பிரிட்டும் பிளீச்சும் லென்ஸ் ரப்பரை வெடிக்கவைக்கும். மின்சாரத்துக்கு நல்ல பவர் பேங்க் இரண்டு. சோலார் பேனல் மழைக்காலத்தில் பெயருக்குத்தான்.

எகிப்தில் இதே கருவிகளைப் பயன்படுத்துவோருக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே புழுவுக்கு 1950-களிலிருந்து 1980-கள் வரை ஊசி மருந்து போட்ட பொதுச் சிகிச்சையில், சரியாகச் சுத்தம் செய்யாத ஊசிகளால் ஹெப்படைடிஸ் சி பரவியது. நடுத்தர வயதைத் தாண்டிய நைல் டெல்டாக் கிராமத்தாரிடம் புழுத் தழும்பும் சிரோசிஸும் (கல்லீரல் முழுக்கச் சுருங்கி இறுகும் நோய்) கலந்தே இருக்கலாம். நார்ப்பட்டைகளுக்கு நடுவே கல்லீரல் மென்மையாகவே இருப்பதால், புழு மட்டும் உள்ளவரிடம் கல்லீரலின் கடினத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பெரிதாக ஒன்றும் காட்டாது; கடினம் கூடுதலாக வந்தால் சிரோசிஸைச் சந்தேகிக்கலாம். கைக்கருவி மூன்றிலும் இந்த வேலை நடக்காது.

டிக்கு மேல் தரம் போட்டவரை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் முகாமை ஆரம்பிக்காதீர்கள். புழு மாத்திரையான பிரசிகுவான்டலைக் கிலோவுக்கு 40 மி.கி. எல்லோருக்கும் கொடுத்துவிடலாம், பிள்ளைகளிடம் சி, டி தோற்றங்கள் அதற்குப் பிறகு மெல்லக் கரைவதும் உண்டு. ஆனால் புடைத்த சிரை உள்ளவருக்கு எண்டோஸ்கோப்பி வேண்டும், ஆஸ்துமா இல்லையென்றால் போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் பிராப்ரனலால் வேண்டும், உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் விழுங்காதே என்று அவர் மொழியில் யாராவது சொல்ல வேண்டும்.

எதை வாங்கலாம்? தரம் பிரித்து எண்ணிக்கை எடுக்கும் ஆய்வுக்கு லூமிஃபை சி5-2, பெரிய டேப்லெட்டோடு. நிறையப் பேரைப் பார்த்து, முற்றியவர்களை மட்டும் பிரித்தெடுக்க பட்டர்ஃப்ளை. வீஸ்கேன் ஏர், படகில் ஏறி இறங்கி ஒரு நாளில் பத்துப் பதினைந்து பேரை மட்டும் பார்ப்பவர்களுக்கு. நம்மூர் ரேடியாலஜிஸ்ட் ஒருவர் அமீபா சீழ்க்கட்டி பார்க்க வாங்குவதானால் இந்தக் கவலைகளில் பாதி கிடையாது; கட்டி கறுப்பாகக் குழிந்து தெரிகிறது, கெயின் கூடினாலும் குறைந்தாலும் தப்பாது.

நீர்க்கட்டிப் புழு என்ற எக்கினோகாக்கஸுக்கும் அதே கதை. கென்யாவின் துர்கானாவில் 1980-களிலேயே ஊர் ஊராக ஸ்கேன் எடுத்துச் சென்று தேடினார்கள், இன்றைய கருவிகள் கனவிலும் இல்லாத காலத்தில். அந்தக் கட்டியைத் தரம் பிரிக்கும் சிஇ1 முதல் சிஇ5 வரையான நிலைகளில், உள்ளே குட்டிக் கட்டிகள் இருக்கின்றனவா, உட்சவ்வு கழன்று மிதக்கிறதா, சுவர் சுண்ணாம்பாகிவிட்டதா என்ற மூன்று கேள்விக்கு விடை தெரிந்தால் சிகிச்சை பெரும்பாலும் முடிவாகிவிடும். 5 செ.மீ.க்குள் இருக்கும் சிஇ1, சிஇ3ஏ என்றால் ஆல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை மட்டும். தொந்தரவு தராத சிஇ4, சிஇ5 என்றால் கை வைக்காமல் ஸ்கேனில் பார்த்துக்கொண்டிருப்பது. அந்தக் கேள்விகளுக்கு, மூன்றில் மலிவானதே போதும்.